வாயில்லா உயிரின் நரம்பு அறிந்தோர்

புனே மாநகரில் முளா, முட்டா என்னும் ஈராறுகளும் ஒன்றுகூடும் இடத்தை இந்நகர மக்கள் 'சங்கம்' என்றே வழங்குகின்றனர். ஆண்டுதோறும் சங்க விழாவிற்கென ஒன்றுகூடும் நமக்கு அப்பெயர் செவிக்கு இனிதாயிருப்பதில் வியப்பில்லை. அத்துறைக்கு அண்மையில் நிற்கும் பழைய பொறியியற் கல்லூரியை நாம் பலமுறை கடந்து சென்றிருக்கிறோம். நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் அங்கே இடம்பெற வேண்டி இரவு பகலாகப் படித்ததையும் அறிவோம். ஆனால் இந்திய நாட்டின் முதல் கால்நடை நோயாய்வுக்கூடம் அக்கல்லூரியில்தான் தோன்றியது என்னும் செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1889-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், அன்று 'விஞ்ஞானக் கல்லூரி' எனப் பெயர் பூண்டிருந்த அவ்விடத்தில், இம்பீரியல் பாக்டீரியலாஜிகல் லாபரேட்டரி தொடங்கப்பெற்றது. இன்று உத்தரப் பிரதேசத்து இஜ்ஜத் நகரில் பெரும்புகழுடன் விளங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதன் வழித்தோன்றலே.

கால்நடை மருத்துவத்திற்கும் புனேவிற்கும் உள்ள உறவு அதற்கும் முற்பட்டது. 1862-ஆம் ஆண்டிலேயே இங்குப் படைக் கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்று அமைந்தது. அதனை நடத்திய ஹாலன் என்பார் பின்னர் மாட்டுக் கொள்ளைநோயை ஆராய அமைந்த குழுவிற்குத் தலைமை பூண்டார். அக்குழுவின் அறிக்கை 1871-இல் வெளிவந்தது. வெக்கை நோயால் ஊர் ஊராக மாடுகள் மடிந்து, ஏரும் வண்டியும் நின்றுபோன காலம் அது. அந்நோய் 2011-ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, அதற்கு வித்திட்ட ஊர்களுள் நம் புனேவும் ஒன்று என்று எண்ணி நாம் சிறிது பெருமிதம் கொண்டோம். அதில் தவறில்லை அன்றோ?

புனே ஆய்வுக்கூடத்தின் தலைவராக வந்த ஆல்பிரட் லிங்கார்டு மனித மருத்துவம் பயின்றவர். அவர் இங்கு ஆராய்ந்த நோய்களுள் ஒன்று 'சர்ரா'. குதிரைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரும், உடல் இளைக்கும், பின்னங்கால்கள் தள்ளாடும், முடிவில் வீழ்ந்து மடியும். 1880-இல் கிரிபித் எவன்சு என்னும் படை மருத்துவர் அதற்குக் காரணமான நுண்ணுயிரை இரத்தத்தில் கண்டார். லிங்கார்டு அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து 1893-இல் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டில் ஆய்வுக்கூடம் குமாயூன் மலையிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. கொடிய தொற்றுநோய்க் கிருமிகளை மக்கள் நெருங்கி வாழும் நகரின் நடுவே வைத்துக்கொண்டு ஆராய்வது தகாது என்பதே அதற்குக் காரணம். 1897-இல் இராபர்ட்டு கோக்கு என்னும் பேரறிஞர் அம்மலைக்குச் சென்றார். அவர் வருகையைக் காணும் வாய்ப்பு நம் ஊருக்குக் கிட்டாமற் போயிற்று.

சர்ரா நோயைப் பற்றி இங்கே விரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்நோய் நாயையும் பற்றும். பற்றினால் நாயின் கண்மணி பால் படர்ந்தாற்போல் மங்கும். தொண்டை வீங்கிக் குரல் மாறும். அம்மாறிய குரலைக் கேட்டு, 'இது வெறிநாய்' என்று மக்கள் அஞ்சுவதும் உண்டு. நாயின் உடலில் தோன்றும் ஒரு குறி மூளையிலிருந்து வந்ததா, தொண்டையிலிருந்து வந்ததா, முதுகுத் தண்டிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவதே நாம் இக்கட்டுரையில் சொல்ல எடுத்துக்கொண்ட கல்வி. அதனைச் சிறுபிராணி நரம்பியல் என்பர். அக்கல்வியைப் போதிக்கும் ஆசிரியர் வாழ்க்கை நம் நாட்டில் எவ்வாறு உருவாயிற்று என்பது சுவையான வரலாறு.

சர்ராக் கிருமிக்கு 1885-இல் எவன்சின் பெயரையே சூட்டியவர் ஜான் ஹென்றி ஸ்டீல். இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். படைப்பணியில் இந்தியா வந்தவர். 1882-இல் அவரும் பிரெடரிக் ஸ்மித்தும் கூடி ஒரு காலாண்டுக் கால்நடை மருத்துவ இதழைத் தொடங்கினர். அது நம் சென்னையில் அச்சாயிற்று. 1886-இல் பம்பாய் பரேலில் கால்நடைக் கல்லூரி எழுந்தபோது ஸ்டீல் அதன் முதல் முதல்வரானார். மாட்டு நோய்களைப் பற்றி முன்பே நூல் எழுதியிருந்த அவர், 1888-இல் நாயின் நோய்களைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். வருவாய் தரும் குதிரையையும் எருதையும் தவிர்த்து, வீட்டு வாயிலிற் படுத்திருக்கும் நாயைப் பற்றி ஒரு கல்லூரி முதல்வர் தனி நூல் யாத்தது அந்நாளில் பெரிய செயலே. மூன்றாண்டு கழித்து, 1891-இல், இளவயதிலேயே அவர் காலமானார்.

ஆயினும் உண்மையைச் சொல்வதானால், நாய் இக்கல்விக்குள் அன்பின் வழியாக நுழைந்தது சிறிது. அச்சத்தின் வழியாக நுழைந்ததே பெரிது. வெறிநாய்க்கடி நரம்பு வழியே மூளைக்கு ஏறும் நோய். கடித்த இடத்திலிருந்து நஞ்சு நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மேலேறுகிறது; மூளையை அடைந்தபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-இல் பாரிசில் பாஸ்டர் தடுப்பு மருந்தைக் கண்டபின், இந்தியாவில் கடிபட்ட ஆங்கிலேய அதிகாரிகளும் படைவீரர்களும் கப்பலேறிப் பாரிசுக்குச் சென்றனர். கப்பலேறும் வசதியற்ற நம் மக்கள் மந்திரிப்பாரையும் பச்சிலை கட்டுவாரையும் நாடினர். 1900-இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தமிழகத்தில் கடிபட்டோர் இமயமலைச் சாரல் வரை இரயிலில் செல்ல வேண்டியிருந்தது. எத்தனை பேர் வழியிலேயே காலத்தைத் தவறவிட்டனரோ! 1902-இல் தென்னாட்டில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் இந்நோயால் இறந்துபட்டார். அத்துயரமும், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்சு அளித்த நன்கொடையும் கூடி, 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையத்தைத் தோற்றுவித்தன.

1903-இல் இத்தாலிய அறிஞர் நெக்ரி, வெறிபிடித்து இறந்த விலங்கின் மூளை அணுக்களுக்குள் சிறு உருண்டைகள் இருத்தலை உருப்பெருக்கியிற் கண்டார். அன்று தொட்டு, ஐயத்திற்கிடமான நாயின் தலையைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது வழக்கமாயிற்று. கேட்கக் கொடிதாயினும், அத்தலையை அறுத்து 'அம்மோன் கொம்பு' எனப்படும் மூளைப் பகுதியை எடுத்துப் பார்த்த மருத்துவர்களே நம் நாட்டில் நாயின் மூளையை முதன்முதல் நாள்தோறும் கண்டவர்கள் எனலாம். 1958-இல் ஒளிரும் சாயமேற்றிய எதிர்ப்பொருளைக் கொண்டு கண்டறியும் முறை வந்தது. நெக்ரி உருண்டை தென்படாத மூளையிலும் நோயைத் தெளியும் வழி அதனாற் பிறந்தது.

இவ்விடத்தில் நம் முதியோர் நினைவில் நிற்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய் கடித்தால் வயிற்றில் பதினான்கு ஊசி! அம்மருந்தைக் கசௌலி நிலையத்தின் தலைவர் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்தார். வெறிநோய் ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்து நச்சுயிரியை மாய்த்துச் செய்வது அது. மலிவானது, எளிதிற் செய்யத்தக்கது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் கணக்கிறந்தன. எனினும் அதனுள் ஒரு முள் இருந்தது. ஆட்டு மூளையின் நரம்புறைப் பொருள் நம் உடலிற் புகும்போது, உடல் அதனைப் பகையெனக் கொண்டு எதிர்க்கிறது. சிலரிடத்து அவ்வெதிர்ப்பு தன் சொந்த நரம்புறையையே தாக்கிவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டவர் சில நாட்களில் கால் இயங்காது படுக்கையில் வீழ்வார். நாய்க்குப் போட்டாலும் அவ்வாறே நிகழ்வதுண்டு. நோயால் வந்த முடக்கமா, மருந்தால் வந்த முடக்கமா என்று அறியாது மருத்துவர் திகைத்த நேரங்கள் உண்டு.

1933-இல் அமெரிக்காவில் ரிவர்சும் அவர் துணைவரும் குரங்குகளுக்கு நோயற்ற மூளைச் சாற்றையே பலமுறை ஊசி மூலம் ஏற்றி, இம்முடக்கத்தைத் தோற்றுவித்துக் காட்டினர். தன் உடலைத் தானே தாக்கும் நோய்களைப் பற்றிய பெருங்கல்வி ஒன்று அதிலிருந்து கிளைத்தது. இவ்வளவும் தெரிந்த பின்னரும், வேறு வழியின்மையால், ஏழை நாடுகள் ஆட்டு மூளை மருந்தை விடமுடியவில்லை. நம் நாட்டில் அது 2004-ஆம் ஆண்டின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள்! இத்துணை நீண்ட காலம் அதனை வைத்திருந்தது சரியா என்று கேட்பாருளர். கைக்கெட்டும் விலையில் மாற்று மருந்து இல்லாதபோது முழுவதும் நிறுத்தியிருந்தால் இன்னும் பலர் இறந்திருப்பர் என்பது ஒரு பக்கம். மாற்று மருந்து பிறநாடுகளில் வந்தபின் நாம் காட்டிய தாமதம் மறுபக்கம். அத்தாமதத்தை நாம் மன்னிக்க இயலவில்லை.

இனி, நாயின் நரம்பை நாயின் பொருட்டே கற்றவர்களைக் காண்போம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் பிராவ்கிகரும் பங்க்ஹவுசரும் கூடி 1949-இல் நாயின் நரம்பு நோய்களைப் பற்றி நூல் வெளியிட்டனர். சுவீடனில் ஓல்சனும் ஹான்சனும் 1951, 1952-ஆம் ஆண்டுகளில் நாயின் முதுகெலும்புகளுக்கிடையேயுள்ள வட்டுகள் எவ்வாறு நைந்து பிதுங்கித் தண்டுவடத்தை நெருக்குகின்றன என்று தெளிவாக்கினர். பென்சில்வேனியாவில் மெக்ராத் நாயின் நரம்புப் பரிசோதனைக்கென 1956-இல் நூல் செய்தார். 1965-இல் கேம்பிரிட்ஜில் பாமரும், அமெரிக்காவின் ஆபர்னில் ஹோர்லைனும் தத்தம் நூல்களை வெளியிட்டனர். இவ்வாறு இரண்டாம் உலகப் போருக்குப் பின் இருபதாண்டுகளுக்குள் ஒரு துறையே எழுந்து நின்றது.

அத்துறையில் ஆசிரியர் எனும் சொல்லுக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் டிலஹுண்டா. 1958-இல் கால்நடை மருத்துவப் பட்டமும், 1963-இல் முனைவர் பட்டமும் அங்கேயே பெற்றார், அங்கேயே ஆசிரியராகி 2005-இல் ஓய்வு பெற்றார், 2021-இல் மறைந்தார். உடற்கூற்றியல் வகுப்பில் நாயின் நரம்பை மாணவனுக்குக் காட்டுவார். மருத்துவமனையில் அந்நரம்பு பழுதுற்ற நாயைக் காட்டுவார். இறந்த நாயின் மூளையை அறுத்து, 'நாம் உயிருள்ளபோது சொன்னது சரியாயிற்றா?' என்று தம்மையே சோதித்துக்கொள்வார். மூன்றையும் ஒருவரே செய்வது அரிது. 1977-இல் வெளிவந்த அவரது கால்நடை நரம்புக் கூற்றியல் நூலை உலகெங்கும் பயின்றனர். நாயை அறுத்துக் கற்கும் முறையைப் பற்றி எவன்சு என்பாருடன் அவர் எழுதிய கைந்நூலும் பெரிதும் பரவிற்று.

இக்கல்வியின் பயன் யாது என்பதை நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றால் விளக்கலாம். நம் நண்பர் ஒருவர் கிர்க்கித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் இல்லத்தில் நீண்ட உடலும் குட்டைக் காலுமுடைய நாயொன்று இருந்தது. பெயர் மணி. ஒருநாள் காலை மணி பின்னங்கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டு வாயிற்படிக்கு வந்தது. அண்டை வீட்டார் திகைத்தனர். வெறிநோய் இருவகைப்படும், கடித்துத் திரிவது ஒன்று, முடங்கிக் கிடப்பது மற்றொன்று என்று எவரோ படித்திருந்தார். "மாமா, இது இரண்டாவது வகை, பிள்ளைகள் விளையாடுகிற இடம், யோசிக்காதீர்கள்" என்று கூறினார். அவர் சொன்னது முற்றிலும் தவறன்று. முடக்க வெறியில் நாயின் தாடை தொங்கும், எச்சில் வழியும், தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும். எலும்பை எடுக்கிறேன் என்று வாய்க்குள் கைவிட்டவர் நோயை வாங்கிக்கொண்ட வரலாறுகள் உண்டு.

நல்வாய்ப்பாக, அன்று கால்நடைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் உறவினர் வீட்டிற்கு வந்திருந்தார். அவர் முதலிற் கேட்டது தடுப்பூசிச் சீட்டு. பிறகு சற்றுத் தொலைவில் அமர்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி அழைத்தால் மணி வாலாட்ட முயன்றது, தலை தெளிவாயிருந்தது, தாடை தொங்கவில்லை, வைத்த நீரைக் குடித்தது, முன்னங்கால்கள் இரண்டும் செவ்வனே நின்றன. பின்பு கையுறை அணிந்து அணுகினார். பின்பாதத்தைப் புரட்டி, மேற்புறம் தரையிற் படுமாறு வைத்தார். நாய் அதனைத் திருப்பவில்லை. முழங்காலிற் சிறு சுத்தியால் தட்டினார். கால் வலுவாக உதறிற்று. முதுகின் இருபுறமும் தோலைப் பின்னிருந்து முன்னாக மெல்லக் கிள்ளிக்கொண்டே வந்தார். ஓரிடம் வரையில் தோல் துடிக்கவில்லை, அதற்கு முன்னே துடித்தது. "மூளையில் ஒன்றுமில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, இதோ இந்த விரலுக்கு அருகில், வட்டு பிதுங்கியிருக்கிறது" என்றார். இறுதியாகப் பின்விரலை அழுத்திப் பிடித்தார். மணி திரும்பிப் பார்த்து முனகியது. "நோவு தெரிகிறது, ஆகவே நம்பிக்கை உண்டு" என்று அவர் சொன்னபோது நண்பரின் மனைவியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயினும் பத்து நாட்கள் பிள்ளைகளை நெருங்கவிட வேண்டாம் என்று கூற அவ்வாசிரியர் மறக்கவில்லை. சிறு கூண்டில் ஆறு வாரம் அசையாது வைக்க வேண்டும் என்றும், வலிக்கு மருந்து எதுவென்றும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு சுத்தியும், இரு விரல்களும், கால் மணி நேரமும்! காந்தப் படக்கருவி இருந்தால் அவ்விடத்தைக் கண்ணாற் காணலாம். அறுவை செய்ய வேண்டுமாயின் அது தேவையும் ஆகும். ஆனால் விலங்குகளுக்கென அக்கருவி நம் நாட்டில் மிகச் சில இடங்களிலேயே உள்ளது. ஆகவே கையால் அறியும் கல்வி இங்கே இன்றியமையாதது.

அக்கல்வி தமிழகத்திற்கு வந்த வழியையும் குறிப்பிடுவோம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கி, பின் வேப்பேரியில் நிலைபெற்றது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதல் கால்நடை மருத்துவத்திற்குப் பட்டம் வழங்கும் பெருமை பெற்றது. 1989-இல் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியே எழுந்தது. நம் புனேயை அடுத்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் சிர்வல் என்னும் ஊரிலும் 1988 முதல் ஒரு கால்நடைக் கல்லூரி நடைபெறுகிறது. ஐரோப்பாவில் 1993 முதல் கால்நடை நரம்பியலுக்கெனத் தனிக் கழகம் உண்டு. அங்கே மூன்றாண்டு பயிற்சியும் கடுந்தேர்வும் முடித்தே ஒருவர் நிபுணராவார். நம் நாட்டிலோ, பெரும்பாலும் மருத்துவத் துறையிலும் அறுவைத் துறையிலும் பணியாற்றும் ஆசிரியர்களே நரம்பியலையும் தாங்குகின்றனர். ஐந்தரையாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, அதன்பின் முனைவர் ஆய்வு என்று படித்துவந்து உதவிப் பேராசிரியராக அமரும் ஒருவர், காலையில் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையாக நிற்கும் நாய்களைப் பார்க்கிறார்; நடுப்பகலில் பாடம் சொல்கிறார்; மாலையில் மாணவர் ஆய்வேட்டைத் திருத்துகிறார். வலிப்பு நோயுள்ள நாயின் சொந்தக்காரர் நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தால் எழுந்து விடையும் சொல்கிறார். இவ்வாழ்வில் செல்வம் குவிவதில்லை.

புனேவின் பங்கு 1893-உடன் முடிந்துவிடவில்லை. 1952-இல் இங்கே வைரசு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் நிறுவனமும் கூடி அமைத்தது அது. கழகத்தின் தலைமைப் பொறுப்பில் அப்போதிருந்த சி. ஜி. பண்டிட் மராத்தியர், முன்பு சென்னைக் கிண்டியில் கிங் நிலையத்தை நடத்தியவர். மராட்டியர் ஒருவர் தமிழகத்திற் பெற்ற அனுபவம் புனேவிற்குத் திரும்பிவந்தது என்று நாம் மகிழலாம். 1955-இல் வேலூரில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலுற்றபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சலை அடையாளம் காண்பதில் அந்நிலையம் துணைநின்றது. கொக்கினத்திலும் பன்றியிலும் பெருகி, கொசுவின் வழியே குதிரைக்கும் மனிதர்க்கும் வந்து மூளையைத் தாக்கும் நோய் அது. 1965-இல் நாகபுரியை அடுத்த சண்டிபுராவில் புதியதொரு நச்சுயிரியை அந்நிலையத்தார் கண்டனர். அது வெறிநோய்க் கிருமியின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. 2003-இல் ஆந்திரத்திலும் 2024-இல் குஜராத்திலும் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 1978 முதல் தேசிய வைரசு ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயரோடு அது இங்கு இயங்கி வருகிறது. இரயில் நிலையத்திற்கு அண்மையிலுள்ள அதன் வாயிலை நாம் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் பெட்டி படுக்கையுடன் கடந்தே செல்கிறோம்.

உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடியால் இறக்கின்றனர் என்று மதிப்பிடுகின்றனர். அவருட் பலர் சிறுவர். 2030-க்குள் நாயால் வரும் இம்மரணத்தை ஒழிக்க வேண்டுமென்று 2021-இல் நம் அரசு திட்டம் வகுத்துள்ளது. கடித்தவுடன் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுதலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுதலும் பிழையாது செய்யத்தக்கவை. மஞ்சளோ மிளகாயோ அப்புதல் கூடாது. பண்டிதர் பலர் நூறாண்டு உழைத்துக் கண்டதை வீட்டில் ஒருவர் தெரிந்து வைத்திருப்பது நலம்.

மணியின் கதையை முடிக்கவில்லை. கூண்டிலிருந்த நான்காம் வாரத்தில் அது எழுந்து நிற்க முயன்றது; ஆறாம் வாரத்தின் முடிவில் நடந்தது. அன்று 'யோசிக்காதீர்கள்' என்று சொன்ன அண்டை வீட்டாரே மாலைதோறும் அதனைக் குடியிருப்பைச் சுற்றி நடத்திச் சென்றார். இடப்புறப் பின்கால் மட்டும் கடைசிவரை சற்று இழுத்தவாறே இருந்தது. அவ்வாறே அது மேலும் நான்காண்டு வாழ்ந்தது.